பத்துக் கிலோ அரிசியை லயத்துக்கு விடாமல் பங்கிடுவது எப்படி?

இரத்தினபுரி மாவட்டத்து நிவித்திகலைக்கு நிவாரண அரிசி லொறி வருகிறது. பங்கிடும் பொறுப்பு உங்கள் தலையில். கவலையை விடுங்கள். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு அது போய்ச் சேராமல் இருக்க மூட்டையில் கை வைக்கவே தேவையில்லை. திருட்டு கற்றுக்குட்டிகளின் வேலை. நீங்கள் சுற்றுநிருபத்தை வரி பிசகாமல் பின்பற்றினாலே போதும். இதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே கைவந்த கலை.

1. யாரிடம் குறைத்தால் சத்தம் வராது என்று படியுங்கள். 1942இலிருந்து இலங்கையில் அரிசிக் கூப்பன் இருந்தது. 1953இல் ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார்கள். ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது, பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவியை விட்டுப் போனார். 1973, 74இல் அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்தபோது தோட்டங்களில் ஆட்கள் பட்டினியால் செத்தார்கள். கொழும்பில் ஒரு நாற்காலியும் ஆடவில்லை. 1948இல் தோட்டத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்தபின் அவர்களில் பெரும்பாலானோருக்கு வாக்குக் கிடையாது, அவ்வளவுதான் ரகசியம். இப்போது வாக்கு இருக்கிறதே என்கிறீர்களா? அதற்காகத்தான் மிச்சப் படிகள்.

2. வருமானத்தைக் காகிதத்தில் மட்டும் பாருங்கள். இது தங்கமான வழி, நாற்பது வருடத்துக்கு மேல் சோதித்துப் பார்த்தது. 1978இல் மாதம் 300 ரூபாய்க்குக் குறைவாக வருமானம் உள்ள குடும்பத்துக்குத்தான் அரிசி என்றார்கள். 1979இல் கூப்பனே போய் உணவு முத்திரை வந்தது. எவருடைய வருமானம் எழுத்தில் இருக்கிறது என்று யோசியுங்கள். கொழுந்து எடுக்கும் அம்மாவின் ஒவ்வொரு பேரும் (ஒரு நாள் வேலை), அரைப்பேரும் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் இருக்கிறது. சம்பளச் சிட்டையில் சேமலாப நிதிக்குக் கழித்தது, முற்பணத்துக்குக் கழித்தது எல்லாம் சதக் கணக்கில் நிற்கும். நீங்கள் கழிவுகளைப் பார்க்காதீர்கள், மேலே உள்ள மொத்தத் தொகையை மட்டும் வட்டமிடுங்கள். அதே ஊரில் மாணிக்கக் கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரியும் முதலாளிக்குச் சிட்டையே கிடையாது. காகிதப்படி அவர் பரம ஏழை. முதல் வரிசையில் நிறுத்துங்கள்.

(2019 கணக்கெடுப்பில் தோட்டத்துறை வறுமை 33.8 வீதம், நகரத்தில் 6 வீதம். இந்த எண்களை மேசை இழுப்பறையில் வையுங்கள்.)

3. கடிதம் அனுப்புங்கள். தவறாமல் அனுப்புங்கள். லயத்துக் காம்பிராவுக்குத் தனி விலாசம் இல்லை, எல்லாத் தபாலும் தோட்டத்துக் கந்தோருக்குத்தான் போகும். அங்கிருந்து கை மாறி, கை மாறி வரும்போது கடைசித் திகதி கடந்திருக்கும். அனுப்பியதற்குப் பதிவு உங்களிடம் பத்திரமாக இருக்கும்.

4. ஒரு காம்பிரா, ஒரு குடும்பம். மகன் கல்யாணம் முடித்து ஸ்தோப்பை அடைத்துத் தனி அடுப்பு வைத்திருக்கலாம். அடுப்பு உங்கள் படிவத்தில் இல்லை.

5. அறிவித்தலைச் சிங்களத்தில் ஒட்டுங்கள். 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிவிட்டது என்று யாராவது கிளம்பினால், முழு மனதோடு ஒத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பிரதி இரத்தினபுரியிலிருந்து வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள். அது வரும் வழியில் எப்போதும் மழை.

6. வேலை நாளில் கொடுங்கள். இங்கேதான் உங்கள் கெட்டித்தனம் தெரிய வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி அருமையான நேரம், கொழுந்தும் முற்றிக்கொண்டிருக்கும். 2023இல் குடும்பத்துக்கு மாதம் பத்துக் கிலோ வீதம் இரண்டு மாதம் கொடுத்தார்கள். கிலோவை 200 ரூபாய் என்று வைத்தால் பத்துக் கிலோ 2,000 ரூபாய். அன்றைக்கு வந்த அம்மாவுக்கு ஒரு பேர் போச்சு, அது அப்போது 1,000 ரூபாய். மூட்டையோடு மலை ஏற த்ரீவீலுக்குத் தனியாக வேண்டும். இன்னும் லாபம் மிஞ்சுகிறதே என்று சோர்ந்துவிடாதீர்கள். அடையாள அட்டையில் ‘செல்லம்மா’, பட்டியலில் ‘செல்லம்மாள்’ என்று இருக்கும். கிராம சேவகரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு வியாழக்கிழமை வரச் சொல்லுங்கள். இன்னொரு பேரும் போச்சு. இப்போது அரிசி இலவசமே இல்லை, கடையைவிட விலை கூட. நீங்கள் ஒருவரிடமும் ஒரு சதம் வாங்கவில்லை.

7. அவர்களையே ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிடுங்கள். 2023இல் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுப் பட்டியல் வெளியானபோது பெயர் விடுபட்டவர் மேன்முறையீடு செய்யலாம், அடுத்தவர் பெயர் இருப்பது பிடிக்காதவர் ஆட்சேபனையும் கொடுக்கலாம் என்று வைத்தார்கள். யார் யோசனையோ, அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஒரே லயத்தில் ஒரு வீட்டுக்குக் கிடைத்து, அதே சம்பளம் வாங்கும் பக்கத்து வீட்டுக்குக் கிடைக்காவிட்டால், அந்தச் சனம் உங்கள் கந்தோர்ப் பக்கம் திரும்பவே திரும்பாது. பீலிக்கரையில் சண்டை போட்டே ஓய்ந்துவிடும்.

8. மிச்சம் வைக்காதீர்கள். வராதவர்களின் பங்கை, மாலை நாலு மணிக்கு யார் நிற்கிறார்களோ அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள். கந்தோருக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் நிச்சயம் நிற்பார்கள். அறிக்கையில் ‘விநியோகம் நூறு வீதம்’ என்று எழுதுங்கள், அதில் ஒரு பொய்யும் இல்லை. படம் இணைக்கச் சொல்வார்கள். அதற்குத் தோட்டத்து அம்மா ஒருவரைத் தேடிப்பிடித்து முன்னால் நிறுத்துங்கள். தலையில் கொங்காணி போட்டு, கொழுந்துக் கூடையோடு வரச் சொன்னால் படம் எடுப்பாக இருக்கும். எடுத்து முடிந்ததும் மூட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள், அவருடைய பெயர் பட்டியலில் இல்லை.