பேர் எழுதினால் நானூறு

அமெரிக்கக் கல்லூரிகளில் நன்றாகப் பந்தாடும் பையன் புது மாப்பிள்ளை மாதிரி. தங்க இடம் இலவசம், சாப்பாடு இலவசம், படிப்பும் இலவசம். கடைசி ஐட்டத்தை மட்டும் பல பேர் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. கெவின் ராஸ் என்பவர் கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்துக்காக நாலு வருஷம் கூடைப்பந்து ஆடினார். ஆடி முடித்த கையோடு 1982-இல் சிகாகோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். எதற்கு? எழுத்துக்கூட்டிப் படிக்க. வயது 23, உயரம் ஆறடிக்கும் மேலே. கூடப் படித்ததெல்லாம் வாண்டுகள்.

மானம் கப்பலேறியதும் பெரியவர்கள் விழித்துக்கொண்டார்கள். கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ, 1983 ஜனவரியில் சான் டியாகோவில் கூடி 'புரொபொசிஷன் 48' என்றொரு சட்டம் போட்டது. 1986-இல் அமல். பள்ளியில் 11 முக்கியப் பாடங்களில் சராசரி 4-க்கு 2 இருக்க வேண்டும். எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் 1600-க்கு 700 வாங்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் வருஷம் மைதானப் பக்கமே வரக்கூடாது. பயங்கரக் கெடுபிடிதான். ஆனால் அந்தத் தேர்வில் பேரை எழுதிவிட்டுக் குறட்டை விட்டாலே 400 கிடைக்கும். ஆக, பிள்ளை சொந்தமாகச் சம்பாதிக்க வேண்டியது வெறும் 300. அதற்கே தேசம் இரண்டுபட்டது!

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ருமீல் ராபின்சன் என்ற கூடைப்பந்து ஆட்டக்காரரை அப்படித்தான் ஒரு வருஷம் உட்கார வைத்தார்கள். 1989 தேசிய இறுதியாட்டம், சீட்டன் ஹால் எதிரணி. கூடுதல் நேரத்தில் 3 விநாடி பாக்கி, ஒரு புள்ளி பின்தங்கல். இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் உள்ளே. 80–79. மார்க் பத்தாத பையன், வேண்டிய மார்க்கைச் சரியாக எடுத்துக் கொடுத்தான்.

அதே வருஷ ஜனவரியில்தான் பெரியவர்கள் 'புரொபொசிஷன் 42' கொண்டுவந்தார்கள்: தேறாதவனுக்கு உதவித்தொகையும் கிடையாது. அடி யார் முதுகில் விழும்? பெரும்பாலும் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் முதுகில்தான். ஜார்ஜ்டவுன் பயிற்சியாளர் ஜான் தாம்சன் எப்போதும் தோளில் வெள்ளைத் துண்டோடு நின்றவர். இந்த விதியை எதிர்த்து, பாஸ்டன் காலேஜ் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அணியை உதவியாளர்களிடம் விட்டுவிட்டு விறுவிறுவென வெளிநடப்புச் செய்தார். சொந்த ஊர்க் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த வருஷமே விதியைத் தளர்த்தினார்கள்.

அப்புறம் சராசரியை 2.3 ஆக்கினார்கள், பாடத்தை 16 ஆக்கினார்கள். இத்தனை ரகளைக்கும் காரணமான அந்தத் தேர்வு மார்க்கே வேண்டாம் என்று 2023 ஜனவரியில் தூக்கிவிட்டார்கள்.