கொண்டையில் ரத்தம், கூண்டில் காரணம்

கேள்வி: எங்கள் சேவலின் கொண்டையைப் பெட்டைகள் கொத்தி ரத்தம் சொட்டுகிறது. காப்பித்தூள் அப்பலாமா? (வாசகி, ஆண்டிபட்டி)

பதில்: காப்பித்தூள் உங்களுக்கு. சேவலைத் துரத்திப் பிடித்த களைப்புக்குக் குடிக்கலாம். கொண்டை முழுக்க ரத்த நாளங்கள். சின்னக் கீறலே முகமெல்லாம் ரத்தமாக்கிப் பார்ப்பவர் வயிற்றைக் கலக்கிவிடும். முதலில் சேவலைக் கூட்டத்திலிருந்து எடுங்கள். மூக்கை மூடாமல் கண்ணை மட்டும் துணியால் மறைத்தால் திமிறாது. சுத்தமான துணியால் காயத்தை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நொடிக்கொரு முறை எடுத்துப் பார்த்தால் நிற்காது. நின்றபின், கொதித்து ஆறிய தண்ணீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைத்துக் கழுவி, கண்ணில் படாமல் பொவிடோன் அயோடின் வையுங்கள். ஈ மொய்க்கிற காலமென்றால் காயத்தைச் சுற்றி வேப்பெண்ணெய். பொருக்கு தட்டி ஆறும்வரை தனிக்கூண்டு. கொண்டை கிழிந்து தொங்கினால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். வீட்டு ஊசி நூலை எடுக்க வேண்டாம்.

கேள்வி: ஆண்பிள்ளைச் சேவல், பெட்டையிடம் கொத்து வாங்கலாமா? மானம் போகிறதே! (வாசகர், திண்டுக்கல்)

பதில்: யாருடைய மானம்? சேவல் ஒன்றும் சொல்லவில்லையே. கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரர் ஷெல்டெரப்-எப்பே 1920களிலேயே அதைக் கவனித்து எழுதிவிட்டார். மீசை முளைக்காத இளஞ்சேவலை மூத்த பெட்டைகளோடு விட்டிருப்பீர்கள். வயது ஏறினால் தானே மேலே வரும்.

கேள்வி: கொத்துகிறதை அடைப்பதா, கொத்துப்பட்டதை அடைப்பதா? (வாசகி, சிவகங்கை)

பதில்: இரண்டையும், வெவ்வேறு இடத்தில். ரத்தத்தின் சிவப்பைக் கண்டால் கொத்தாத கோழிக்கும் கொத்த ஆசை வரும். ஆகவே காயம்பட்டது வெளியே வந்தாக வேண்டும். பெரும்பாலும் ஆரம்பித்து வைப்பது ஒன்றோ இரண்டோதான். கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்று பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். அதைச் சில நாள் பிரித்து வைத்தால், திரும்பி வரும்போது பழைய அதிகாரம் இருக்காது. ஆறிய சேவலை இருட்டியபின் மற்றவை அடைந்திருக்கும் கழியில் கொண்டுபோய் விடுங்கள். விடிந்தபின் ஒரு மணி நேரம் பக்கத்தில் இருங்கள்.

கேள்வி: எல்லாம் செய்தேன். மறுபடி கொத்துகின்றன. ஏன்தான் கொத்துகின்றன? (வாசகர், திருச்செங்கோடு)

பதில்: இந்தக் கேள்வி முதலில் வந்திருக்க வேண்டும். நீங்கள் மருந்து போட்டது கொண்டைக்கு; நோய் இருப்பது கூண்டில். இடத்தை அளந்து பாருங்கள். ஆழ்கூளத்தில் முட்டைக்கோழி ஒன்றுக்கு 2 சதுர அடிக்குக் குறையக் கூடாது. நாளெல்லாம் அடைத்தே வளர்க்கிறவர் 4 சதுர அடி கொடுத்தால் சண்டை பாதி ஓயும். அடுத்தது தீவனம். நொய்யும் ரேஷன் அரிசியும் மட்டும் போட்டால் புரதம் போதாது. முட்டையிடும் கோழிக்கு 16 முதல் 18 சதவீதம் புரதம் வேண்டும். அது கிடைக்காத கோழி, பக்கத்துக் கோழியின் இறகிலும் தோலிலும் தேடும். கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், அசோலா சேருங்கள். கருவாட்டில் உப்பு இருப்பதால் அளவு முக்கியம். பானைக்குள் சாணமும் பழைய சாக்கும் வைத்துக் கவிழ்த்துக் கரையான் பிடித்துப் போடும் பழக்கம் நம் ஊர்களில் இருந்ததே, அதை ஏன் விட்டோம் என்று எனக்கு வருத்தம்தான். தண்ணீருக்கும் தீவனத்துக்கும் ஒரே ஒரு தட்டு வைத்தால் வலுத்ததுதான் தின்னும். இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரை, இரவு முழுக்க எரியும் பெரிய விளக்கு, பேன், செள்ளு எல்லாமே எரிச்சலைக் கிளப்பும். சாம்பலும் மணலும் கலந்து ஒரு மூலையில் கொட்டினால் தானே புரண்டு குளிக்கும். முருங்கை, அகத்திக் கொத்தைத் தலைக்கு மேலே எட்டிப் பிடிக்கிற உயரத்தில் கட்டுங்கள். அலகுக்கு வேலை கிடைக்கும். 8, 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும்.

கேள்வி: கொண்டைக்கு வாசலின் தடவச் சொல்கிறதே வீடியோ? (வாசகர், மதுரை)

பதில்: அது பனி கொட்டும் நாட்டு வீடியோ. அங்கே உறைகுளிரில் கொண்டை நுனி கறுத்து உதிரும். மதுரையில் அந்தப் பயம் வேண்டாம். வியர்க்காத கோழிக்குக் கொண்டைதான் ரேடியேட்டர். ரத்தம் அதில் ஓடித்தான் சூடு இறங்குகிறது.

கேள்வி: அலகை வெட்டிவிட்டால் தொல்லை தீருமா? (வாசகர், பல்லடம்)

பதில்: ஆயிரக்கணக்கில் கூண்டில் வளர்க்கும் முட்டைப் பண்ணைகளில், குஞ்சுப் பருவத்திலேயே சூடான தகட்டால் நுனியைக் கத்தரிக்கிறார்கள். அலகில் நரம்பு உண்டு, வலிக்கும். கொல்லையில் மேயும் பத்துக் கோழி புழுவைப் பொறுக்க அந்த நுனிதான் வேண்டும். வெட்டாதீர்கள்.

கேள்வி: கோழிக்குக் கண்ணாடி விற்கிறார்களாமே, நிஜமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: நிஜம். அமெரிக்காவில் 1903இலேயே கோழிக் கண்ணாடிக்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். அது கண்ணைக் கொத்திலிருந்து காக்க. பிறகு, ரத்தம் தெரியாதிருக்கச் சிவப்புக் கண்ணாடியும் வந்தது. இப்போது விற்கும் சிலவற்றை மூக்கைக் குத்தி ஊசியால் மாட்ட வேண்டும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

கேள்வி: யாரும் கொத்தவில்லை. ஆனாலும் கொண்டையில் கறுப்புப் பொருக்கு. கண்ணோரத்திலும் மரு மாதிரி. (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: அம்மையாக இருக்கலாம். கொசு பரப்பும் வைரஸ் இது, பொருக்கைப் பிய்க்காதீர்கள். வைரஸைக் கொல்ல மருந்து இல்லை, வராமல் தடுக்கத் தடுப்பூசி உண்டு. நோய்ப்பட்டதைப் பிரித்து, தண்ணீர் தேங்காமல் பார்த்து, மற்றவற்றுக்குத் தடுப்பூசி போடுவது பற்றிக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். கொண்டை நீலம் பாய்ந்து கோழி மூச்சுக்குத் திணறினால் எனக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம். உடனே 1962க்குப் போன் செய்யுங்கள்.