இட்லிப் பானைக்கு இடம் உண்டா?

எங்கள் சமையலறை எட்டடிக்கு ஏழடி. மடிப்பாக்கத்தில் 1996-ல் கட்டிய ஃபிளாட். தட்டுகள் எல்லாம் கடப்பாக்கல், எதற்கும் கதவு கிடையாது. கரப்பான்களுக்கும் எங்களுக்கும் இடையே ஒளிவுமறைவே இருந்ததில்லை. இதை மாற்றிவிடலாம் என்று போன சித்திரையில் வாயைத் திறந்தவன் நான்தான்.

முதலில் ஒரு மாடுலர் கிச்சன் கம்பெனியிலிருந்து டிசைனர் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். லேப்டாப்பைத் திறந்து படம் காட்டினார். பளபளவென்று வெள்ளைச் சமையலறை. மேடைமேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதில் ஆறு பச்சை ஆப்பிள். மேலே தலைகீழாகத் தொங்கும் நாலு ஒயின் கிளாஸ். மிக்சியைக் காணோம், கிரைண்டரைக் காணோம், எண்ணெய்த் தூக்கைக் காணோம். என் மனைவி வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுல யாரும் சாப்பிட மாட்டாங்களா தம்பி?" என்றாள்.

"நடுவுல ஒரு ஐலண்ட் குடுக்கலாம் மேடம்."

மழைக்காலத்தில் மடிப்பாக்கமே தீவுதான். வீட்டுக்குள் இன்னொன்று எதற்கு? பத்து வருஷ வாரண்டி என்றும் சொன்னார். படித்துப் பார்த்தேன். கதவுகளில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். சமையலறையில்!

சமைக்கத் தெரியாதது குற்றமில்லை. இன்றைய மாடுலர் சமையலறைகளுக்கெல்லாம் பாட்டி, 1926-ல் உருவான ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை. அதை வடிவமைத்த ஆஸ்திரியக் கட்டடக்கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, அதற்கு முன் தாம் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த அம்மாள் அடுப்புக்கும் தொட்டிக்கும் எத்தனை எட்டு என்று கணக்குப் பார்த்தார். அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள் வைத்தார். ஜெர்மானிய அஞ்சறைப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன். நம் தம்பி ஆப்பிளை மட்டும் எண்ணியிருந்தார்.

அடுத்து வந்தவர் கான்ட்ராக்டர். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே மூச்சில் சொன்னார். அதற்குள் எது வரும், எது வராது என்பதற்கு மட்டும் மூச்சு வரவில்லை. கைப்பிடி தனி, கீல் தனி, இழுப்பறை ஓடும் சேனல் தனி. பலகை மட்டும் "மெரைன் பிளை சார், கண்ணை மூடிட்டு வாங்கலாம்." கண்ணைத் திறந்தபடியே ஒரு துண்டு கேட்டு வாங்கினேன். மெரைன் பிளைவுட்டுக்கு ஐஎஸ் 710 என்று ஒரு தரம் உண்டு. 72 மணி நேரம் கொதிக்க வைத்தாலும் அதில் ஒட்டு பிரியக்கூடாது. எனக்கு அவ்வளவு பொறுமையும் இல்லை, சிலிண்டரும் இல்லை. மனைவி கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் குக்கரில் போட்டு எட்டு விசில் விட்டேன். திறந்தால், துண்டு ஏட்டுச்சுவடி போல விரிந்து கிடந்தது. அன்றைய சாம்பாரில் ஒரு மரவாடி வாசனை வந்ததாக வீட்டில் இன்னும் பேச்சு.

மூன்றாமவர் கீழ்வீட்டுக்காரர் அனுப்பிய கார்பெண்டர். அறுபது வயது, காதில் பென்சில், சட்டைப் பையில் மடக்கிய டேப். வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. "அம்மா, மாவு பிசையற மாதிரி நில்லுங்க" என்றார். முழங்கையின் உயரத்தை அளந்தார். "எல்லாருக்கும் முப்பத்துநாலு இஞ்ச்ல மேடை போடுவாங்க. உங்களுக்கு முப்பத்திரண்டு போதும். தோள் வலிக்குமே இப்ப?" என்றார். வலிக்கும் என்றாள் அவள். எனக்கு அது செய்தி.

பிறகு கேள்விகள். கிரைண்டரை யார் தூக்குவது? இட்லிப் பானை எத்தனை தட்டு? அரிசி மூட்டையாக வாங்குவதா, கிலோவிலா? கடைசியாக, "அம்மா கரண்டி இடது கையிலதானே புடிக்கிறீங்க? அப்ப தாளிப்புச் சாமான் இழுப்பறை அடுப்புக்கு இந்தப் பக்கம்" என்றார். காபி கலக்கும்போது கவனித்தாராம்.

இருபத்திரண்டு வருஷம் அவள் கையால் சாப்பிட்டவன் நான். எந்தக் கை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையில், அவர் சொன்ன தொகைக்குப் பேரம் பேசும் தைரியம் போய்விட்டது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

மறுநாளே வந்து கடப்பாக்கற்களைப் பெயர்த்துப் போட்டார். அதற்கடுத்த நாள் ஆடி பிறந்துவிட்டது. புதுப் பலகையில் ஆவணி ஒன்றாம் தேதிதான் உளி வைப்பாராம். அதுவரை எங்கள் சமையல் ஹாலில், டிவிக்கு முன்னால் இண்டக்‌ஷன் அடுப்பில் நடக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்து உட்காருங்கள். சோபா மெத்தைக்குக் கீழே அப்பளக் கட்டு இருக்கிறது.