தனியாள் இலக்கணம்: தில்லிப் பனிக்காலப் படலம்

தன்பை தானே சுமந்து தன்முகம்
தானே படம்பிடித்து உணவுப் பட்டியல்
தானே படித்துத் தானே தொகைதரும்
ஒருவரைத் தனியாள் என்மனார் புலவர்.

நூற்பாவும் நம்முடையதே, உரையும் நம்முடையதே. பழி சுமக்க வேறு ஆள் இல்லை. இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், பெருநகரம் ஒன்றை ஒற்றையாகச் சுற்றிப் பார்க்க வந்தவரை ஏனையோரிடமிருந்து பிரித்துணர்த்துதல் நுதலிற்று. 'தானே' நான்கு முறை வந்தது என்னை எனின், 'நீ கொஞ்சம் பாரேன்' என்று சொல்ல உடன் ஒருவர் இல்லாமையால் என்க. அலுவலக வேலையாக வந்த இடத்தில் ஒருநாள் ஊர் பார்ப்பவர் தனியாள் ஆகார்; அவர் ரசீதுகளைப் பத்திரப்படுத்துகிறார். கரோல் பாகில் சித்தப்பா வீட்டில் தங்கியிருப்பவரும் ஆகார். சித்தி எட்டு மணிக்குத் தட்டு வைத்துவிடுவாள். பார்க்கும் கல்லையெல்லாம் படமெடுத்து உடனுக்குடன் குடும்பக் குழுவுக்கு அனுப்புகிறவர் விஷயத்தில் உரையாசிரியர்கள் மாறுபடுவர்.

நிலம், தில்லி. பொழுது முன்பனி, அதாவது மார்கழியும் தையும். பிரிந்து செல்வோர்க்குரிய திணை பாலை, அதற்குரிய பொழுது வேனில் அல்லவா என்று மடக்குவோர் உளர். பாலைக்குப் பின்பனியும் உரித்து என்று தொல்காப்பியமே வழிவிட்டிருக்கிறது. நாம் அதைச் சற்று முன்னே இழுத்துக்கொண்டோம், அவ்வளவுதான். மேலும், மே மாதத்துத் தில்லியில் நடந்து ஊர் பார்ப்பவரை வகைப்படுத்த வேண்டியது இலக்கண நூல் அன்று, மருத்துவ நூல்.

உடையால் வகுக்கலாமா எனின், தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் இரு வகையர்: ஊட்டிக்கு வாங்கிய ஸ்வெட்டரை நம்பிப் போனவர், நம்பாதவர். முன்னவர் ஐந்து டிகிரிக் காலையில் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு நிற்பார். மதியத்துக்குள் ஜன்பத் நடைபாதைக் கடையில் பேரம் பேசிப் பின்னவர் ஆகிவிடுவார். அரை நாள்கூடத் தாங்காத வகைப்பாடு எதற்கு என்று விடுத்தாம்.

மூடுபனியால் வகுப்பது இதைவிடத் தேறும். ரயிலை நிறுத்துவது, விமானத்தை நிறுத்துவது, சுற்றுலாவை நிறுத்துவது என மூடுபனி மூவகை. முதலிரண்டும் செய்தித்தாளில் வரும். மூன்றாவதைக் காண ஜந்தர் மந்தருக்குப் போக வேண்டும். இரண்டாம் சவாய் ஜெய் சிங் 1724இல் கட்டிய அந்த வானாய்வுக் கூடத்தில் 'சம்ராட் யந்திரம்' என்று மாடி உயரத்துக்கு ஒரு சூரியக் கடிகாரம் நிற்கிறது. நிழல் விழுந்தால்தானே அது நேரம் சொல்லும்? ஜனவரி மூட்டத்தில் அவ்வளவு பெரிய கருவியும் சம்பளமில்லாமல் நிற்க, தனியாள் கைப்பேசியில் மணி பார்க்கிறார். நுழைவுக் கட்டணத்தில் இதற்கெனத் தள்ளுபடி ஏதும் இல்லை.

காட்சிகளைப் பொறுத்தவரை தனியாளுக்கும் குடும்பஸ்தருக்கும் வேற்றுமை சிறிதே. குதுப் மினார் எல்லாருக்கும் சுமார் 73 மீட்டர்தான். 1981இல் உள்ளே நெரிசலில் பலர் இறந்த பிறகு படியேற யாருக்கும் அனுமதி இல்லை. ஹுமாயூன் கல்லறை யார் வந்தாலும் 1570ஐ ஒட்டி முடிந்ததுதான். செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை போய்ப் பூட்டிய கதவைப் பார்ப்பவர் தனிவகை. அவர் குடும்பத்தோடு வந்திருந்தால் திட்டு வாங்கியிருப்பார், ஆகவே இவ்விடத்துத் தனிமை லாபம். பையை யார் பார்த்துக்கொள்வது, படத்தை யார் எடுப்பது என்னும் இரண்டே இடர்ப்பாடுகள். பின்னதற்கு முன்பின் தெரியாதவரிடம் கைப்பேசியை நீட்டுவோர், கைக்கெட்டிய தூரத்தில் தம் மூக்கையும் பின்னே கும்மட்டத்தில் பாதியையும் எடுத்து அமைவோர் என இரு பிரிவு. கைப்பேசியை வாங்கியவர் கும்மட்டத்தை விட்டுவிட்டு ஆளை மட்டும் எடுத்துத் தருவார் என்பது விதிவிலக்கில்லா விதி.

தனியாள் என்ற சொல் ஆண்பாலா பெண்பாலா என்று காட்டாது, ஊர் காட்டிவிடும். 2022 நவம்பரில் ஜாமா மசூதி வாசலில், பெண்கள் தனியே நுழையக்கூடாது என்று ஓர் அறிவிப்பு வைத்தார்கள். ஐந்து பெண்கள் சேர்ந்து வந்தாலும் ஆண் துணை இல்லையேல் 'தனியே'தான் என்பது அவ்வறிவிப்பின் எண்ணிலக்கணம். எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நம் நூலைவிட விபரீதமாக வகுக்கத் தெரிந்தவர்கள் உலகில் இருக்கிறார்கள் என்பதற்காக இதைக் குறித்தோம்.

இனி, இப்படலத்தின் உயிர்நிலை. தனியாள் தனியாள் ஆவது கோட்டைகளில் அன்று, சாப்பாட்டு மேசையில். வைகறையில் இது தெரியாது. அப்போது பழைய தில்லியில் கிடைப்பவை அவருக்கென்றே அளந்தவை. ஜாமா மசூதியைச் சுற்றிய சந்துகளில், இரவெல்லாம் சிறுதீயில் கிடந்த நிஹாரியை விடிந்ததும் கிண்ணம் கிண்ணமாகத் தருவார்கள். சைவர்க்குக் கினாரி பஜாரில் 'தௌலத் கி சாட்'. பாலைக் கடைந்து கடைந்து நுரையை மட்டும் வழித்தெடுத்து, குங்குமப்பூ மஞ்சள் தீற்றி, சர்க்கரைப் பொடியும் கோவாவும் பிஸ்தாவும் தூவித் தொன்னையில் தருவது. பனிக்காலத்தில் மட்டுமே செய்ய முடியும். வெயில் ஏறினால் அமுங்கிவிடும். வாயில் வைத்தபின் சாப்பிட்டோமா என்றே சந்தேகம் வரும் பண்டம் இது. பகிரவே முடியாது, பங்கிட்டால் இருவருக்கும் காற்றுதான் மிஞ்சும்.

நண்பகலில்தான் வினை. உணவகத்தில் நுழைந்ததும் "கித்னே லோக்?", அதாவது எத்தனை பேர் என்பார்கள். "ஏக்", ஒருவர்தான், என்றால் பரிசாரகர் நம் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். மீதிப்பேர் வண்டி நிறுத்திவிட்டு வருகிறார்களோ என்று. வரவில்லை என்று உறுதியானதும் கிடைப்பது கைகழுவும் தொட்டியோரம் அல்லது குளிர்காற்று உள்ளே வரும் கதவோரம். நம் ஊர் மெஸ்ஸில் இந்தப் பேச்சே இல்லை. "அண்ணே, இப்படி ஒக்காருங்க" என்று முன்பின் தெரியாத ஒருவர் எதிரே நம்மைச் செருகிவிடுவார்கள். சாம்பார் வாளி வரும்போது இருவரும் ஒன்றாக இலையைக் காட்டுவோம். இதை நாகரிகக் குறைவு என்று எண்ணியிருந்தவர், தில்லியில் நான்கு நாற்காலிக்கு நடுவே ஒற்றையாக உட்கார்ந்த பின் கருத்தை மாற்றிக்கொள்கிறார். தில்லிக்குப் போயும் ஜன்பத் சரவண பவன் வாசலில் காத்து நிற்போரைப் பழிப்பாரும் உளர், நாம் பழியோம்.

பட்டியலைத் திறந்தால் அளவைச் சிக்கல். வடக்கத்திய சமையல் நடுவில் கிண்ணம் வைத்துச் சுற்றிலும் கை நீளும் குடும்பத்தை மனத்தில் கொண்டது. தால் மக்கனி ஒருவருக்குக் கேட்டாலும் வருவது இருவருக்கு. அத்துடன் பனீர் ஒன்றும் கேட்கலாமா என்ற கேள்வியில் தனியாள் மூவராகப் பிரிவர். 'முழுத்தட்டார்' வேண்டியதெல்லாம் வாங்கிப் பாதியை வைத்துவிட்டு எழுவார். இவர்க்கு இரவில் பாட்டியின் குரல் கேட்கும். 'அரைத்தட்டார்' பழைய தில்லிக் கடைப் பட்டியல்களில் அரை, முழு என விலை பிரித்திருப்பதைக் கண்டு நெகிழ்வார். 1913 முதல் கலி கபாபியானில் இருக்கும் கரீம்ஸ் போன்ற இடங்களுக்கு இவர் பக்தர். மூன்றாமவர் 'ஓரக்கண்ணார்'. ஒன்றே ஒன்று வாங்கி, அடுத்த மேசைக் குடும்பத்தின் கடுகுக்கீரையையும் மக்காச்சோள ரொட்டியையும் கண்ணால் உண்பவர். அந்த மேசையில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே நடப்பது மொழி தெரியாமலே இவருக்குப் புரிந்துவிடும். பயண அனுபவம் என்று பின்னாளில் இவர் எழுதுவதெல்லாம் இந்த மேசையிலிருந்து எடுத்ததே.

பங்களா சாஹிப் குருத்வாராவில் நூற்பாவே ஆட்டம் காண்கிறது. செருப்பை ஒப்படைத்து, தலைக்குத் துணி கட்டி, லங்கர் என்னும் இலவசப் பந்திக் கூடத்தில் தரையில் வரிசையாக உட்கார வேண்டும். எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. ரொட்டியை இரு கையும் ஏந்தி வாங்குகிறோம். இடப்பக்கம் லாரி ஓட்டுநர், வலப்பக்கம் கல்லூரிப் பையன். உணவுப் பட்டியல் இல்லை, தொகையும் இல்லை. ஆகவே அங்கு உட்கார்ந்திருக்கும்வரை அவர் இலக்கணப்படி தனியாள் ஆகார். வெளியே வந்து செருப்புக்கு வில்லையை நீட்டும்போது மீண்டும் ஆவார்.

பிற்பகலில் லோதி தோட்டப் புல்வெளி. 1936இல் திறந்தபோது லேடி வில்லிங்டன் பூங்கா. கல்லறைகள் அதற்கும் சில நூற்றாண்டு மூத்தவை. தில்லிக்காரர்களுக்குப் பனிக்காலத்தில் வெயில் காய்தலே ஒரு தொழில். கம்பளிக்குள் கிடந்து, கடலை உடைத்து, ஆரஞ்சுத் தோலை உரித்துப்போடும் அக்கூட்டத்தில் தனியாளைத் தேடிக் கண்டுபிடிப்பது இந்நூலின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. மாலையில் தெருவோரம் தணலில் சுட்டு, மசாலா தூவி எலுமிச்சை பிழிந்து தரும் சர்க்கரைவள்ளி. வியாழனாயின் நிஜாமுதீன் தர்காவில் கவ்வாலி. இரண்டுக்கும் துணை தேவையில்லை.

புறனடை: இரவு இனிப்புக்கடையில் சூடாக ஒரு பிளேட் குலாப் ஜாமூன் கேட்டால் பெரும்பாலும் வருவது இரண்டு. இரண்டாவதை என் செய்வது? தானே உண்க என்பது ஒரு கட்சி. சர்க்கரை நோயுடையார் இதனை ஏலார். எதிரே நிற்பவர்க்கு ஈக என்பது மறு கட்சி. அங்ஙனம் ஈந்து அவர் பெற்றுக்கொண்டால் கொடுத்தவர் தனியாள் என்னும் நிலையை இழப்பார் என்று கடாவுவர். அதற்கு விடை, எதிரே நிற்பவர் தட்டில் எத்தனை இருக்கிறது என்று முதலில் நோக்குக; அவரும் இரண்டை வைத்துக்கொண்டு நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருந்தால் இவ்விதி செல்லாது.