துரையின் குரல் குறுகிய வரலாறு: ஒரு முன்னாய்வு

ஆய்வுப்பொருள் ஒரு சேவல். பெயர் துரை. வயது, பெரியம்மா கூற்றுப்படி எட்டு. பெரியப்பா கூற்றுப்படி பத்து. தங்கள் கல்யாணம் எந்த ஆண்டு நடந்தது என்பதிலேயே ஒத்துப்போகாதவர்கள் என்பதால் இவ்வாய்வு ஒன்பது என்று கொள்கிறது. மூத்தவர் என்ற முறையில் அவருக்கு ‘ஆர்’ விகுதியும் தரப்படுகிறது.

ஆய்வுக்களம், பெரியப்பாவின் தரைவீட்டுப் பின்கட்டு. துரையைத் தவிர அங்கே தம்பி என்றொரு இளஞ்சேவல், ஆறு பெட்டைகள். சிங்கப்பூர்ச் சட்டம் தரைவீட்டில் பத்துக்கு மேல் விடாது; வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியில் ஒன்றுகூடக் கூடாது. ஆகவே நாட்டு மக்களில் பெரும்பாலோருக்கு இத்துறையில் கள ஆய்வே மறுக்கப்பட்டிருக்கிறது என்பதை வருத்தத்துடன் பதிகிறேன்.

சிக்கல் இதுதான்: சென்ற ஆண்டு முதல் துரையின் போக்கு மாறிவிட்டது (பெரியம்மா, நேர்காணல்).

நடை. தளர்ந்துவிட்டது. இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. முனைவர் பட்டத்துக்கு என்றால் ஓர் இயல் தேறும்.

வீரம். முன்பெல்லாம் அஞ்சல்காரரைக் கேட் வரை விரட்டுவார். இப்போது எழுந்து, ஏற இறங்கப் பார்த்து, உட்கார்ந்துகொள்கிறார். கால்முள் மட்டும் நீண்டுகொண்டே போகிறது (பெரியம்மா, நேர்காணல், சின்ன வெங்காயம் உரித்தபடி, கண்ணீர் அதனால்தான் என்கிறார்).

சொல். தமிழில் எந்த ஆய்வும் சொல்லைப் பிடித்து உலுக்காமல் தொடங்கக் கூடாது. இவ்வளவு தாமதித்ததற்கே மன்னிப்பு வேண்டும். சிறகுள்ளவற்றின் ஆணைச் சேவல் எனலாம், மயிலை மட்டும் அப்படிச் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பிய மரபியல். சூரபத்மன் பிளந்து ஒரு பாதி மயிலும் மறுபாதி சேவலும் ஆனான் என்பது புராணம். ஓர் அசுரனின் இரு பாதிகளில் ஒன்றுக்கு மட்டும் பெயர். மற்றதற்கு இலக்கணத் தடை. இந்த அநீதி குறித்து, தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடி சுமந்து நடந்தவர்களிடம் கருத்துக் கேட்டேன். வழிவிடச் சொன்னார்கள்.

இனி ஆய்வின் உயிர்நாடி: கூவல்.

இளமையில் துரை முழுமையாகக் ‘கொக்கரக்கோ’ என்றவர். சென்ற ஆண்டு, நடுவே இருந்த ‘கர’ உதிர்ந்தது. இப்போது கேட்பது ‘குக்... கூ’. மூச்சு வாங்குகிறது, வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று ஒரு கருத்து உண்டு (தேக்கா சந்தைக் கோழிக்கடைக்காரர், கத்தியை ஓங்கியபடி, அச்சமயம் ஆய்வாளர் உடன்பட்டார், கத்தி இறங்கியதும் மாறுபட்டார்). இந்தக் கருத்தை ஏற்பதில் பெரிய குறை ஒன்று உண்டு: கட்டுரை இங்கேயே முடிந்துவிடும்.

குறுந்தொகை 157-ஆம் பாட்டைப் பாருங்கள். அள்ளூர் நன்முல்லையாரின் தலைவியைக் கணவன் தோளிலிருந்து பிரிக்க, வாள்போல் வருகிறது விடியல். அதை அறிவிக்கும் கோழியின் குரல் ‘குக்கூ’. நம் துரை கூவுவதும் அதுவே! சங்க காலத்துக்குப் பின் சேவல்கள் சேர்த்துக்கொண்ட இடைச்செருகலே ‘கர’ என்பதும், துரை முதுமையில் பாடபேதம் களைந்து மூலபாடத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார் என்பதும் இதனால் பெறப்படும். ஆண்டுக்கு ஓர் அசை என்ற கணக்கில் அடுத்த தீபாவளிக்கு அவர் தொல்காப்பியர் காலத்தை எட்டுவார். அதற்கடுத்த பொங்கலுக்கு முதற்சங்கம். முதற்சங்கச் சேவல் எப்படிக் கூவியிருக்கும்? அச்சங்கத்து நூல் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை என்பதால், மௌனமாக. அன்று துரை வாய் திறக்காமல் நிற்பாரேயானால் என் முடிபு ஐயமற நிறுவப்பட்டதாகும். பானை ஓடு ஒன்று கிடைத்தாலே தமிழின் வயதில் ஆயிரம் ஆண்டு கூட்டிவிடும் அறிஞர்கள், உயிரோடு ஒரு சான்று தவிடு தின்றுகொண்டிருக்கும்போது பாராமுகமாக இருப்பது ஏனென்று தெரியவில்லை. (எதிர்க்கருத்து: “தொண்டையில ஏதோ மாட்டியிருக்கும், வாயத் திறந்து பாரு” — பக்கத்து வீட்டு ஆச்சி, வேலிக்கு அப்பாலிருந்து, முருங்கைக்கீரை ஆய்ந்தபடி; அதே ஆச்சி, அதே வேலி, கீரை முடிந்தபின்: “பாத்தியா இல்லியா?”)

கூவலால் உயிரே போனதும் உண்டு: சின் மிங் வழக்கு. 2017 தொடக்கத்தில் சின் மிங் அவென்யூ வட்டாரத்தில் திரிந்த 24 கோழிகளை அதிகாரிகள் பிடித்துக் கொன்றார்கள். சத்தம் தாங்கவில்லை என்று 20 புகார். பறவைக் காய்ச்சல் பேச்சும் அடிபட்டது. நாடாளுமன்றம் வரை போனது. சீனர்களுக்குச் சேவல் ஆண்டு பிறந்த புதிது அது. பிறகுதான் அறிஞர்கள் வந்தார்கள். செத்தவை காட்டுக்கோழியா, வீட்டுக்கோழியா? சாம்பல் கால், காதோரம் வெண்மை, வாலடியில் வெள்ளைத் திட்டு இருந்தால் சிவப்புக் காட்டுக்கோழி. மண்ணின் மைந்தர், அன்று இந்நாட்டளவில் அருகிவரும் இனம். இல்லையென்றால் வந்தேறி. துரைக்குக் கால் மஞ்சள். நிரந்தரவாசத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

சத்தம் என்றால் அடுத்த கேள்வி எந்த நேரத்தில் என்பதால் அதையும் பார்ப்போம். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் ஷிம்முராவும் யோஷிமுராவும் 2013-இல் காட்டியது: வெளிச்சம் பார்த்து மட்டும் சேவல் கூவுவதில்லை, உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது. நாள் முழுக்க ஒரே மங்கல் வெளிச்சத்தில் வைத்தாலும் ஏறத்தாழ 23.7 மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று கூவுகிறது. விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். இங்கே சூரியன் ஏழு மணி வாக்கில்தான் எழுகிறது. ஆகவே ஐந்து மணிக் கூவல் முற்றிலும் முறையானது. 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியபோது சேவல்களுக்குச் சுற்றறிக்கை போனதாகத் தெரியவில்லை.

செவி. சேவல் வாயை முழுக்கத் திறக்கும்போது அதன் காதுத்துளை தானே அடைபட்டுக்கொள்கிறது என்று பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தன் முழக்கம் தன்னைத் தாக்காது. இந்த ஏற்பாடு நம் மேடைப் பேச்சாளர் பலருக்கும் வாய்த்திருப்பதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. தவிர, பறவைகளின் செவியில் கேட்கும் செல்கள் அழிந்தாலும் மீண்டும் முளைக்கும், மனிதருக்கு முளைக்காது. எனவே துரைக்குக் காது மந்தம் என்ற பேச்சுக்கு இடமில்லை. கூப்பிட்டால் திரும்பாதது அவர் விருப்பம். (பெரியப்பாவின் காது தனி ஆய்வுக்குரியது.)

எஞ்சியது ஒன்று. அதே நகோயாக்காரர்கள் 2015-இல் சொன்னது: கூட்டத்தில் முதலில் கூவும் உரிமை தலைமைச் சேவலுக்கே. மற்றவை தகுதி வரிசைப்படி காத்திருந்து கூவும். கருத்தரங்குக்குப் போனவர்களுக்கு இது புதிதல்ல. தகைசால் பேராசிரியர் தூங்கினாலும் முதல் அமர்வு அவருடையதுதான். அப்படியானால் எங்கள் பின்கட்டில் இப்போது தலைமை யாரிடம்?

விடை காண, சென்ற சனிக்கிழமை நான்கரைக்கே நோட்டுப் புத்தகத்தோடு முருங்கையடியில் உட்கார்ந்தேன். ஐந்து மணிக்குத் தம்பி கழுத்தை நீட்டினான், கூவவில்லை. துரையைப் பார்த்தான். துரை ஒரு கண்ணைத் திறந்து, கூண்டை அல்ல, மாடி ஜன்னலைப் பார்த்தார். மூவரும் காத்திருந்தோம்.

ஐந்து பத்துக்கு ஜன்னல் திறந்தது. பெரியப்பா தொண்டையைச் செருமி, காறி, பாதி தூரம் வரும் இருமல் ஒன்றை இருமினார். உடனே தம்பி கொக்கரக்கோ. அதன்பின் துரை, குக்கூ.

“ரிட்டயர் ஆனதுலேருந்து தெனம் இப்படித்தான்பா” என்று பெரியம்மா சமையலறைக் கதவைத் திறந்தார். பெரியப்பா ஓய்வுபெற்றது சென்ற ஆண்டு. கையில் இரண்டு கிண்ணம். ஒன்றில் ஓட்ஸ் கஞ்சி, மற்றதில் நொய்க்கஞ்சி. எது யாருக்குப் போனது என்று குறித்துக்கொள்ளத் தவறிவிட்டேன்.