நரி விலைக்குப் பரி

வா பேராண்டி, திண்ணையில உக்காரு. உன் மூஞ்சியில இம்புட்டு வெளிச்சத்தைப் பாத்தாலே தெரியுது, எங்கயோ காசைத் தொலைக்கக் கிளம்பிட்டன்னு.

என்னது, குதிரையா? வண்டிப் பந்தயத்துல பூட்டவா? அதுவும் இருபதாயிரத்துக்கா? நீ கையில தடவிக்கிட்டுத் திரியிற செல்போனே அதைவிடக் கூடுதல் விலையாச்சேடா!

ஈரோட்டுப் பக்கம் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில பாத்தயாக்கும். ஏழெட்டு மாசக் குட்டி, முன்னங்கால் ஒண்ணு கோணல், வேற எவனும் விலை கேக்கல. உடனே செல்போன்ல ஒரு அமெரிக்காக் கதையையும் தேடிப் பிடிச்சுக் கொண்டாந்துட்ட. சரி, வாசி. சீயானுக்குக் கண்ணுதான் மங்கல், காது நல்லாத்தான் கேக்கும்.

டான் பாட்சுன்னு பேரா? நல்ல பேருதான். 1896-ல இந்தியானா மாநிலத்துல ஒரு சின்ன ஊருல பொறந்திருக்கு. கடைக்காரன் ஒருத்தன் 255 டாலருக்கு ஏலத்துல எடுத்த பெட்டைக் குதிரை ஈன்ற குட்டி. கால் கோணி, பொறந்ததும் எந்திரிச்சு நிக்கக்கூட முடியலயாம். அதுவே முதல்ல 20,000 டாலருக்கு வித்துச்சு, அப்புறம் 1902-ல 60,000-க்குக் கை மாறுச்சு. 1905-ல ஒரு மைலை 1 நிமிசம் 55¼ செகண்டுல கடந்துச்சு. அதுவும் நாலுகால் பாய்ச்சல்ல இல்ல, பின்னாடி வண்டியை இழுத்துக்கிட்டு நடை மாறாம.

கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா 255-ஐயும் 60,000-ஐயும் வாசிச்சவன் நடுவுல கிடக்குற வருசத்தைத் தாண்டிட்ட பாத்தியா? அந்தக் குதிரை முதல் பந்தயம் ஓடுனது 1900-ல. நாலு வருசம் பொறுத்தான்டா அந்தக் கடைக்காரன். நீயா இருந்தா குட்டி வீட்டுக்கு வர்றதுக்கு முந்தி ஃபிளெக்ஸ் அடிச்சு, குட்டியவிடப் பெருசா உன் படத்தைப் போட்டு, நாலு முக்குலயும் கட்டிருப்ப.

60,000 குடுத்து வாங்குன சாவேஜ் என்ன தொழில் பாத்தான்னு வாசிச்சியா? கால்நடைத் தீவன யாவாரம். குதிரை படத்தைக் காட்டியே தீவனத்தை வித்துத் தள்ளுனான். அவன் குதிரைக்குத் தீனி போட்டானா, குதிரை அவனுக்குத் தீனி போட்டுச்சான்னு நீயே சொல்லு.

அதுக்கும் முந்தி ஒருத்தன் இருந்தான், ரிஸ்டிக்னு. நியூயார்க் பக்கத்துப் பண்ணையாள். 1849-ல பொறந்த குட்டியையும் நொண்டித் தாயையும் சேத்து முதலாளிகிட்டயே 125 டாலருக்கு வாங்குனான். அந்தக் குட்டிதான் ஹாம்பிள்டோனியன். அது ஓடிப் பேர் வாங்கல, பெத்துப் பேர் வாங்குச்சு. 1,300-க்கு மேல குட்டிக. இன்னைக்கு அமெரிக்காவுல வண்டிப் பந்தயம் ஓடுற ஜாதிக்குதிரை ஏறக்குறைய எல்லாத்துக்கும் அதுதான் பாட்டன். இங்க ஒரே ஒரு பேரனை வச்சுக்கிட்டு நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்!

ஒண்ணைக் கவனி. ரிஸ்டிக் சந்தையில போய்ப் பாத்த ஆளு இல்ல. அந்தப் பண்ணையிலயே வேலை பாத்தவன். விலை மலிவா இருந்ததுக்கா வாங்குனான்? தினம் பாத்த கண்ணுக்கு என்னமோ தெரிஞ்சதுக்கு வாங்குனான். மத்தபடி, மலிவா வித்த குதிரை அம்புட்டும் ஜெயிச்சிருச்சா? ஜெயிச்சது செல்போன்ல வருது. தோத்ததெல்லாம் கல்யாணத்துல மாப்பிள்ளையச் சுமக்குது. அதுக்குப் பாரம் கூடுதல், கூலி குறைச்சல்.

நம்ம மதுரையிலயே இல்லாத குதிரைக் கதையா? ராசா குடுத்த குதிரைக் காசை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவழிச்சிட்டாரு. சொக்கநாதர் நரியையெல்லாம் பரியாக்கி ஓட்டிக்கிட்டு வந்து நிறுத்துனாரு. பாண்டியனும் நடை பாத்து, மயங்கிப் போய், லாயத்துல கட்டுனான். ராவுல ஒரே ஊளை! இருந்த பழைய குதிரையையும் கடிச்சுப்போட்டு நரிக ஓடியே போச்சு. ஆவணி மூலத்துக்கு வருசா வருசம் இந்த ஊரு அதை நடத்திக் காட்டுது, நீ வேடிக்கை பாத்துட்டுப் பொரிகடலைதான் வாங்கித் தின்ன. கடவுளே யாவாரியா வந்தாலும் வாயத் தொறந்து பல்லைப் பாக்கணும்டா!

பொன்னைக் கொட்டுனா மட்டும் போதுமா? உன் தங்கச்சி காலேஜுப் பொஸ்தகத்துல வாசிச்சுக் காட்டுனா. பதிமூணாம் நூற்றாண்டுக் கடைசியில பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வச்சிருக்கானாம். கடல் தாண்டி வந்த குதிரைகளை ராசாக்கள் ஆளுக்கு 2,000 வாங்குவாங்களாம், வருசக் கடைசியில 100 கூட மிஞ்சாதாம். சோத்தோட கறியை வேகவச்சுப் போட்டிருக்காங்க குதிரைக்கு! வைத்தியம் தெரிஞ்சவனையும் லாடம் கட்டுறவனையும் யாவாரிக இங்கிட்டு வரவிடலயாம். குதிரை செத்தாத்தானே அடுத்த வருசமும் யாவாரம்?

பொன் குடுத்து வாங்குனது மண்ணுக்குப் போச்சு, 125-க்கு வாங்குனது வம்சமாச்சு. வித்தியாசம் விலையில இல்ல பேராண்டி, விடியக்காலம் அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறவன் யாருங்கிறதுல இருக்கு. ராவுல கொள்ளு ஊறப்போடணும். ஓடி வந்த உடம்பை ஆறவிடணும். மாசம் ஒண்ணரைக்கு ஒருக்கா குளம்பு சீவணும். நீ எந்திரிக்கிறதே எட்டரை. பந்தய மாட்டைப் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டுன்னு தரம் பிரிச்சிருக்கான்ல, அப்படி வாங்குறவனைப் பிரிச்சா நீ தட்டான்சிட்டுலயும் தேற மாட்ட.

சரி, கோணல் எங்க? முட்டியிலயா, கணுவுக்குக் கீழயா? கீழதானா. குட்டியில சீவுற கை சீவுனா ஓரளவுக்கு நேர்படும். நடக்கவிட்டுப் பாத்தியா? புழுதியில தடம் விழுந்திருக்குமே. பின்னங்குளம்பு எங்க விழுந்துச்சு, முன்னங்குளம்புத் தடத்துக்குப் பின்னாடியா, மேலயா?

தாண்டியா? எம்புட்டு? நாலு விரக்கடையா!

ம்... வேணாம்டா. வேணவே வேணாம். வேலையத்த வேலை. ஆனை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழுத கதையாப் போகும். பேசாமப் போய்ப் படு.

ஆமா, அந்தக் குட்டி எந்தப் பக்கம் கட்டியிருந்துச்சு? சும்மாதான் கேக்குறேன். சந்தை நாளையோட முடியுதா? ஆரப்பாளையத்துல ஈரோட்டுப் பஸ்ஸு ராத்திரியும் இருக்குல்ல?

அந்தத் துண்டை எடு. உங்க அப்பத்தா கேட்டா, பேரனுக்குப் புத்தி சொல்லிக்கிட்டே சீயான் கொஞ்ச தூரம் நடந்து போயிருக்காருன்னு சொல்லு.