மரமும் மாடியும்

கேள்வி: முண்டியம்பாக்கத்திலிருந்து கிளம்பி, ஒரே நாளில் சென்னையின் பூங்காவையும் நவீனக் கட்டடங்களையும் பார்த்துத் திரும்ப முடியுமா?

பதில்: முடியும், காலை ரயிலைக் கோட்டை விடாதவர்களுக்கு!

முதலில் கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்கா. காரில் உட்கார்ந்தபடியே தோசை சாப்பிட்ட உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த இடம். 2010-இல் பூங்காவாக மாறியது. அன்று கார்களுக்கு நிழல் கொடுத்த பெருமரங்களை வெட்டாமல் விட்டார்களே, அதற்கே ஒரு கும்பிடு போடலாம். அந்த வேரடியில் இன்று பாட்டிகள் கால் நீட்டி உட்காருகிறார்கள்.

அண்ணா சாலையில் எல்.ஐ.சி., 1959-இல் எழுந்தது. சினிமாவில் ‘பட்டணம் வந்தாச்சு’ என்று சொல்ல இந்த ஒரு கட்டடத்தைக் காட்டினால் போதும்.

மிச்சப் பொழுது முழுக்கக் கோட்டூர்புரத்துக்குத்தான். ஒன்பது மாடி அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவும் தனி இடம் உண்டு. பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.